கார்டு இல்லாமல் எட்டு மாதம்

திருச்சுழியில் ஓர் அலுவலகத்தில் நெட் வரவில்லை என்று காலை எட்டே காலுக்கே எனக்குப் போன் வந்துவிட்டது. எந்த அலுவலகம் என்று சொல்லப்போவதில்லை. அங்கே இருந்தவர்கள் எல்லோரும் இன்னும் நல்லபடியாக வேலையில் இருக்கிறார்கள். அவர்கள் அப்படியே இருக்கட்டும்.

அப்போது நான் மதுரையில் ஒரு கம்பெனிக்கு வேலை பார்த்துக்கொண்டிருந்தேன். அருப்புக்கோட்டை, காரியாபட்டி, திருச்சுழி வட்டாரத்தில் எங்கள் கம்பெனி கவனித்துவந்த அலுவலகங்களில் நெட் நின்றால் போய்ச் சரிசெய்ய வேண்டியது நான். வீடு அருப்புக்கோட்டையில் என்பதால் வெறும் பஸ்ஸைப் பிடித்தே எல்லா இடத்துக்கும் போய்விடலாம் என்பது கம்பெனியின் எண்ணம். அந்தப் பஸ் எத்தனை மணி நேரத்துக்கு ஒன்று வரும் என்பது மதுரையில் யாருக்கும் தெரியாது.

போன் செய்தது அந்த அலுவலகத்தின் கண்காணிப்பாளர் அம்மா. நல்ல கனமான குரல்.

"ஏம்மா, யூபிஎஸ்காரன் நேத்து சாயந்தரம் வந்து பேட்டரி மாத்திட்டுப் போனான். காலையில வந்து பாத்தா நெட்டு செத்துக் கெடக்கு. அவனை நான் பாத்துக்கிறேன். நீ மொதல்ல கெளம்பி வா."

லேப்டாப், நீல நிற ஒயர், ஸ்குரு டிரைவர், தண்ணீர் பாட்டில் எல்லாவற்றையும் பையில் போட்டுக்கொண்டு கிளம்பினேன். போய்ச் சேர்ந்தபோது பத்து மணி. வராந்தாவில் பதினைந்து பேர் உட்கார்ந்திருந்தார்கள். வாசலில் நின்ற அலுவலக உதவியாளர் என்னைத் தாண்டி ரோட்டைப் பார்த்துவிட்டு, "இன்ஜினியர் பின்னாடி வாராகளா?" என்று கேட்டார். நான்தான் இன்ஜினியர் என்றேன். அவர் முகத்தில் ஒரு சின்னக் கவலை தெரிந்தது. அது என்னைப் பற்றிய கவலை என்று அப்போது நினைத்துக்கொண்டேன்.

ஐம்பது வயதைத் தாண்டிய மனிதர். அந்த அலுவலகத்தின் சாவி, டீ, தண்ணீர் கேன், சாமி படத்துக்குப் பூ எல்லாம் அவர் கையில். பின்பக்க அறையில் இரும்பு பீரோவின் மேல் ரவுட்டர் இருந்தது. வீட்டில் வைத்திருக்கும் கொம்பு முளைத்த சின்ன வைஃபை பெட்டி இல்லை. பழைய மாடல், கனத்த இரும்புப் பெட்டி, இரண்டு கையாலும் தூக்க வேண்டும். வெளியிலிருந்து வரும் இணைப்பை வாங்கி உள்ளே இருக்கும் எல்லாக் கம்ப்யூட்டருக்கும் வழி காட்டி அனுப்புவது அதுதான். நெற்றி போன்ற முன்பக்கத்தில் மூன்று சந்தனப் பொட்டும் அதன் மேல் குங்குமமும் காய்ந்து போயிருந்தன. போன ஆயுத பூஜைக்கு வைத்தது. உதவியாளர் அண்ணன் ஸ்டூலைப் பிடித்துக்கொள்ள, நான் ஏறி அதை இறக்கி மேசையில் வைத்தேன். பச்சையாக நிலைத்து எரிய வேண்டிய விளக்கு மஞ்சளாக மினுக்கிக்கொண்டிருந்தது.

நீல ஒயரை லேப்டாப்பிலும் ரவுட்டரிலும் சொருகினேன். அதன் வழியாகத்தான் ரவுட்டர் மனசில் என்ன ஓடுகிறது என்று திரையில் படிக்க முடியும். சுவிட்சை அணைத்துப் போட்டேன்.

வராந்தாவில் இருந்த ஓர் அக்கா எழுந்து வந்து அறை வாசலில் நின்றார். ஒரு பிளாஸ்டிக் கவருக்குள் காகிதங்களை நெஞ்சோடு பிடித்திருந்தார். மகளைக் காலேஜில் சேர்க்க ஒரு சான்று வாங்க வேண்டும், நாளைக்கு மதுரையில் அதைக் காட்ட வேண்டும், நேற்று மாலை வரை காத்திருந்து கிடைக்காமல் போய், இன்று முதல் பஸ்ஸில் வந்தவர்.

"கம்ப்யூட்டரு எந்திரிச்சிருச்சா தாயி?"

"எந்திரிக்கப் பாக்குதுக்கா."

அது உண்மைதான். கரண்ட் போனால் ரவுட்டருக்கு எல்லாம் மறந்துவிடும். கரண்ட் வந்ததும் அதற்குள் அழியாமல் பதிந்திருக்கும் ஒரு சின்ன புரோகிராம் முதலில் கண் விழிக்கும். அதற்கு அதிகம் தெரியாது. தன் உடம்பைச் சோதித்துப் பார்க்கும். பிறகு எங்கே தேட வேண்டும் என்று எழுதிவைத்த குறிப்பைப் படித்து, தன் ஆபரேட்டிங் சிஸ்டத்தைத் தேடிக் கிளம்பும். வழக்கமாக அது பெட்டியில் சொருகியிருக்கும் ஒரு மெமரி கார்டில் இருக்கும். கிடைத்தால் எடுத்து விரித்துத் தன் நினைவில் ஏற்றிக்கொள்ளும். அதற்கப்புறம்தான் அது ரவுட்டர். கார்டில் கிடைக்கவில்லையென்றால், ஒயரில் இருக்கிறவர்களில் யாரிடமாவது ஒரு பிரதி இருக்கிறதா என்று கேட்டுப் பார்க்கும். யாரும் பதில் சொல்லவில்லையென்றால் திரையில் ஒற்றை வரியைப் போட்டுவிட்டு, தெரிந்தவர்கள் வந்து சொல்லட்டும் என்று உட்கார்ந்துவிடும்.

என் திரையில் அந்த ஒற்றை வரிதான் இருந்தது.

"என்ன சொல்லுது?" என்றார் அக்கா.

"தன்னோட சிஸ்டத்தைக் காணோம்னு சொல்லுதுக்கா."

"நேத்து நாலு மணிக்கு எனக்கு முந்துன ஆளுக்குச் சான்று குடுத்தாகளே. அப்ப இருந்துச்சுல்ல?"

எனக்கும் அதுதான் புரியவில்லை. நேற்று ஓடிய பெட்டி. கார்டில் ஏதாவது கெட்டுப்போயிருக்கும் என்று நினைத்து, கார்டில் என்னென்ன இருக்கிறது என்று காட்டச் சொன்னேன். கார்டே இல்லை என்றது. எத்தனையோ முறை கார்டு கெட்டுப்போய்ப் பார்த்திருக்கிறேன். கார்டே இல்லை என்று எந்த ரவுட்டரும் என்னிடம் சொன்னதில்லை. பெட்டியைத் திருப்பிப் பின்பக்கம் பார்த்தேன். கார்டு இருக்க வேண்டிய இடம் காலியாக இருந்தது. விரலை விட்டுப் பார்த்தேன். கொஞ்சம் தூசியும் ஒரு எறும்பும்தான் வந்தன.

"அண்ணே, இங்க ஒரு கார்டு இருக்கணுமே. தீப்பெட்டி சைசுல, தட்டையா."

உதவியாளர் அண்ணன் பெட்டியை ஒரு முறை பார்த்தார், மின்விசிறியை ஒரு முறை பார்த்தார். "இருங்க, டீ வாங்கிட்டு வாரேன்" என்று பிளாஸ்க்கை எடுத்துக்கொண்டு போய்விட்டார்.

கார்டைக் காணோம் என்று கண்காணிப்பாளர் அம்மாவிடம் சொன்னேன். அவர் சந்தேகமே படவில்லை. உடனே யூபிஎஸ்காரருக்குப் போன் போட்டு, எல்லோருக்கும் கேட்கும்படி ஸ்பீக்கரில் வைத்தார்.

"தம்பி, மரியாதையா அந்தக் கார்டைக் கொண்டாந்து குடுத்துரு."

"என்ன கார்டு மேடம்?"

"ரவுட்டருல இருந்த கார்டு. உன்னைத் தவிர அந்த ரூமுக்கு எவனும் வரல."

"மேடம், நான் உள்ள கொண்டாந்தது ரெண்டு பேட்டரி. வெளிய கொண்டுபோனது ரெண்டு பேட்டரி. அதுக்கே இடுப்பு புடிச்சுக்கிச்சு. வேற எதையும் தூக்குற தெம்பு எனக்கு இல்ல."

அம்மா விடவில்லை. அந்தப் பையன் எந்த ஊர், அவன் அப்பா யார், அவன் கம்பெனிக்கு எழுதிப் போட்டால் என்ன ஆகும் என்று வரிசையாகச் சொல்லிக்கொண்டே போனார். அந்தப் பக்கம் குரல் கம்மிக்கொண்டே வந்தது. அழுதுவிடுவார் போலிருந்தது. அதற்குள் டீ வாங்கிக்கொண்டு திரும்பிவந்த உதவியாளர் அண்ணன், கதவோரம் நின்று கொஞ்ச நேரம் கேட்டார். பிளாஸ்க்கை மேசைமேல் வைத்தார்.

"மேடம், அந்தப் பயலை விட்டுருங்க. கார்டை நான்தான் எடுத்தேன்."

அம்மா போனை அணைக்க மறந்திருந்தார். ஸ்பீக்கரில் யூபிஎஸ்காரர், "கேட்டீங்களா மேடம்?" என்றார்.

அண்ணன் நடந்ததை நடந்தபடி சொன்னார். ஆயுத பூஜைக்கு முந்தின நாள் எல்லா மெஷினையும் துணியால் துடைத்திருக்கிறார். ரவுட்டரின் பின்பக்கம் துடைக்கும்போது ஒரு சின்னப் பட்டன் அழுந்தி, கார்டு வெளியே எட்டிப் பார்த்திருக்கிறது. உருவி எடுத்துப் பார்த்தால், போட்டோ ஸ்டூடியோ வைத்திருக்கும் தன் மச்சினன் கேமராவில் போடுகிற கார்டு மாதிரியே இருந்திருக்கிறது.

"கேமரா கார்டுக்கு இங்க என்ன வேலைன்னு நெனச்சேன். ஆனா சும்மா எடுத்துறல மேடம். எடுத்து டிராயர்ல வச்சிட்டு ஒரு வாரம் பாத்தேன். நெட்டு ஓடுச்சு. பிரிண்டர் ஓடுச்சு. லைட்டு பச்சையாவே எரிஞ்சுச்சு. சரி, இது வேண்டாத சாமான்தான்னு முடிவு பண்ணுனேன்."

நான் இன்ஜினியரிங் படித்த நான்கு வருடத்தில் பலர் இதைவிட அவசரமாக முடிவுக்கு வந்ததைப் பார்த்திருக்கிறேன்.

அதற்கப்புறம் கார்டு டிராயரிலேயே கிடந்திருக்கிறது. மாசி மாதம் குலசாமி கோயிலில் பேரனுக்குக் காதுகுத்து. கெடா வெட்டு. பந்தி போடும் நேரத்தில் மச்சினன் கேமராவில் கார்டு நிறைந்துவிட, அண்ணனுக்கு இது ஞாபகம் வந்து, ஆள் விட்டு எடுத்துவரச் சொல்லிக் கொடுத்துவிட்டார்.

"எட்டு மாசம் இது இல்லாமத்தான ஓடுச்சு?" என்று என்னிடம் கேட்டார். "எடுத்தப்ப நிக்கல. இப்ப நின்னா அதுக்கு நான் எப்படித் தாயி பொறுப்பாவேன்?"

அவர் கேட்டதில் நியாயம் இருந்தது. ரவுட்டர் ஒரு முறை எழுந்துவிட்டால் சிஸ்டம் அதன் நினைவுக்குள் வந்துவிடுகிறது. அதன்பின் கார்டு பக்கம் அது திரும்பிக்கூடப் பார்ப்பதில்லை. கரண்ட் போய் மறுபடி எழும்போதுதான் தேடும். சாதாரணமாக இந்தப் பக்கம் கரண்ட் போகாத வாரம் கிடையாது. ஆனால் அந்த யூபிஎஸ் நல்ல யூபிஎஸ். எட்டு மாதமாக ரவுட்டரை ஒரு நிமிடம்கூட அணைய விடவில்லை. நேற்று பேட்டரி மாற்ற அணைத்ததுதான் முதல் தடவை.

"நீங்க சொன்னது சரிதாண்ணே. கரண்ட் நிக்கிற வரைக்கும் சரி" என்றேன்.

"கேட்டீங்களா மேடம், இன்ஜினியரே சொல்றாக" என்றார் அண்ணன். காலையிலிருந்து அவர் என்னை இன்ஜினியர் என்று சொன்னது அப்போதுதான்.

கண்காணிப்பாளர் அம்மா எதையும் கேட்கும் நிலையில் இல்லை. "ஆபீஸ் சாமானை எடுத்துக் கெடா வெட்டுக்குக் குடுத்திருக்கீங்க. மெமோ எழுதுறேன், பதில் சொல்லுங்க" என்று சொல்லிவிட்டுத் தன் அறைக்குப் போய்க் கதவைச் சாத்திக்கொண்டார். அண்ணன் தன் மொபெட்டை எடுத்துக்கொண்டு ஸ்டூடியோவுக்குப் பறந்தார். வாசலில் நின்ற அக்கா டீயை ஊற்றி எனக்கு ஒன்று கொடுத்துத் தானும் ஒன்று எடுத்துக்கொண்டார்.

"பாவம், திருடணும்னு எடுக்கல" என்றார். "நானா இருந்தா ஒரு வாரம்கூடப் பாத்திருக்க மாட்டேன்."

அரை மணி நேரத்தில் மச்சினன் பின்னால் உட்கார்ந்து வந்து இறங்கினார். கையில் கார்டு, கழுத்தில் ஒரு பை. "இதுல இருக்குற போட்டோவ இன்னும் காப்பி எடுக்கலம்மா. மச்சானோட மருமகன் ஆல்பத்துக்கு எதை முன்னாடி வைக்கிறதுன்னு இன்னும் சொல்லல. பாத்து" என்றார்.

"இதைக் கேமராவுல போட்டப்ப ஏதாவது கேட்டுச்சாண்ணே?"

"ஏதோ இங்கிலீசுல கேட்டுச்சு. ஓகேன்னு குடுத்தேன்."

கார்டைத் துடைக்கவா என்றுதான் கேமரா கேட்டிருக்கும். அந்த ஒரு ஓகேயில் ரவுட்டரின் சிஸ்டம் மொத்தமும் அழிந்திருக்கும் என்று தெரியும். இருந்தாலும் ஒருவேளை மிச்சம் இருக்குமோ என்ற நப்பாசையில் கார்டைச் சொருகி சுவிட்சைப் போட்டேன். அந்த மாடலுக்கு ஒரு வழக்கம் உண்டு. எந்தக் கோப்பு என்று பெயர் சொல்லாவிட்டால், கார்டில் முதலில் எது இருக்கிறதோ அதையே தன் சிஸ்டம் என்று நம்பி எடுத்து ஏற்றப் பார்க்கும். எடுத்தது. கொஞ்சம் யோசித்தது. பிறகு, கோப்பின் மேஜிக் நம்பர் சரியில்லை என்று ஆங்கிலத்தில் ஒரு வரி போட்டுவிட்டு நின்றது.

"மேஜிக்கா?" என்றார் மச்சினன்.

"சிஸ்டம் கோப்பு ஒவ்வொண்ணுக்கும் தலைமாட்டுல ஒரு நம்பர் இருக்கும்ணே. அதை வச்சுத்தான் இது நம்ம ஆளான்னு பாக்கும். இப்ப இது உங்க போட்டோவ எடுத்து ஓட்டிப் பாத்துச்சு. நம்பர் ஒத்துவரல."

"எந்தப் போட்டோவ?"

அதுதான் அவருடைய கவலை. கார்டைத் துடைத்து மறுபடி சிஸ்டத்தை ஏற்றுவதற்கு முன்னால் போட்டோக்களை எப்படியும் லேப்டாப்பில் எடுத்துவைக்க வேண்டும். நல்லவேளை, கார்டு ரீடரைக் கையோடு கொண்டுவந்திருந்தார். சொருகித் திறந்தேன். சின்னக் கார்டு, மொத்தம் ஒன்பது போட்டோதான் பிடித்திருந்தது. ஒன்பதும் பந்தி. வாழை இலை, கறிச்சோறு, குனிந்த தலைகள், வாளியோடு ஓடுகிறவர்கள். உதவியாளர் அண்ணனும் மச்சினனும் அக்காவும் என் தோளுக்குப் பின்னால் நின்று பார்த்தார்கள். முதல் போட்டோவில் ஒரு பெரியவர் கையை உதறிக்கொண்டிருந்தார். ரவுட்டர் ஓட்டிப் பார்த்தது அவரைத்தான்.

நான்காவது போட்டோவைத் திறந்தபோது கண்காணிப்பாளர் அம்மா மெமோவை எழுதி முடித்துக் கையில் பிடித்தபடி உள்ளே வந்தார்.

திரை முழுக்க அவரே இருந்தார். மாம்பழக் கலர் பட்டுப் புடவை. தலை நிறைய மல்லிகை. இரண்டு கையாலும் ஒரு நல்லி எலும்பைப் பிடித்து, கண்ணை லேசாக மூடி, கடைவாயில் வைத்துக் கடித்துக்கொண்டிருந்தார். பின்னாலிருந்து வெயில் புடவைக் கரையில் பட்டு மின்னியது.

"அம்மா நல்லா விழுந்திருக்காக" என்றார் அக்கா.

"ஒம்பதுலயே இதாங்க நல்லா வந்தது" என்றார் மச்சினன், தொழில்காரரின் பெருமையோடு. பிறகு உதவியாளர் பக்கம் திரும்பி, "அன்னைக்கு மேடம் பல்லு வலின்னு லீவு போட்டுட்டுல மச்சான் வந்தாங்க? நீங்கதான சொன்னீங்க, வந்ததே பெருசுன்னு" என்றார். அவர் எதையும் மனதில் வைத்துச் சொல்லவில்லை. மரியாதைக்குத்தான் சொன்னார்.

அண்ணன் மின்விசிறியைப் பார்க்கப் போய்விட்டார். நான் கீபோர்டைப் பார்த்துக்கொண்டிருந்தேன். போட்டோவை மூடலாமா, மூடினால் இன்னும் தப்பாகுமா என்று தெரியாமல் விரல் அப்படியே நின்றது.

கண்காணிப்பாளர் அம்மா திரையைக் கொஞ்ச நேரம் பார்த்தார்.

"வலி பதினோரு மணிக்கு விட்டுப்போச்சு" என்றார்.

"ஆமா மேடம், வரும்போதே கன்னம் வீங்கித்தான் இருந்துச்சு" என்றார் அண்ணன், மின்விசிறியிடம்.

அம்மா மெமோவை இரண்டாக மடித்தார். நாலாக மடித்தார். கைப்பைக்குள் போட்டு ஜிப்பை இழுத்துவிட்டார். "இனிமே துடைக்கிறதுன்னா வெளிப்பக்கம் மட்டும் துடைங்க" என்று அண்ணனிடம் சொல்லிவிட்டு, என்னிடம், "எவ்வளவு நேரம் ஆகும்மா?" என்றார். காலையில் போனில் கேட்ட குரல் இல்லை அது.

சிஸ்டம் கோப்பு என் லேப்டாப்பில் இல்லை. வேறு மாடலுக்கானதுதான் இருந்தது. மதுரையில் இருக்கும் என் மேலதிகாரிக்குப் போன் செய்து கம்பெனி சர்வரில் எடுத்துவைக்கச் சொன்னேன். அறைக்குள் சிக்னல் இல்லாததால் லேப்டாப்பைத் தூக்கிக்கொண்டு வெளிப்படியில் போய் உட்கார்ந்து, என் போன் வழியாக இறக்கினேன். இரண்டு தடவை பாதியில் அறுந்தது. வராந்தாவில் இருந்தவர்கள் எல்லோரும் எவ்வளவு இறங்கியது என்று காட்டும் நீலக் கோடு திரையில் நகர்வதை என்னோடு சேர்ந்து பார்த்தார்கள். கோடு நின்றபோதெல்லாம் ஒருவர், "போனைக் கொஞ்சம் தூக்கிப் பிடிங்க" என்றார். தூக்கிப் பிடித்தேன். அதனால்தான் வந்தது என்று அவர் இன்றைக்கும் நம்பிக்கொண்டிருப்பார்.

ஒன்பது போட்டோவும் மச்சினனின் பென் டிரைவுக்கு மாறின. கார்டைச் சுத்தமாகத் துடைத்து சிஸ்டத்தை அதில் ஏற்றி, ரவுட்டரில் சொருகி, சுவிட்சைப் போட்டேன். சின்ன புரோகிராம் விழித்தது, தன்னைச் சோதித்தது, குறிப்பைப் படித்தது, கார்டுக்குப் போனது. திரையில் குறுக்கும் நெடுக்குமான சின்னச் சின்னக் குறிகள் ஒன்றன்பின் ஒன்றாக வரிசையாக விழ ஆரம்பித்தன. சிஸ்டத்தை விரித்து ஏற்றும்போது அப்படித்தான் காட்டும்.

"வேலி அடைக்கிற மாதிரி இருக்கு" என்றார் அக்கா.

வேலி நாலைந்து வரி ஓடியது. முடிவில் ஓகே என்று வந்தது. மூச்சு விட்டேன். ரவுட்டரின் பெயர், விலாசம், யாரை எந்த வழியில் அனுப்ப வேண்டும் என்ற விவரமெல்லாம் கார்டில் இல்லை. பெட்டிக்குள்ளேயே வேறொரு இடத்தில் பத்திரமாக இருந்தன. சிஸ்டம் வந்ததும் தானே அவற்றை எடுத்துக்கொண்டது. விளக்கு பச்சைக்கு மாறியது. முன்னறையில் ஒருவர், "வந்துருச்சு" என்றார்.

மணி ஒன்றரை. சாப்பாட்டு நேரம். வராந்தாவில் இருந்தவர்கள் கடிகாரத்தைப் பார்த்துவிட்டு, இன்னும் ஒரு மணி நேரம் என்று மறுபடி உட்காரப் போனார்கள். கண்காணிப்பாளர் அம்மா டிபன் பாக்ஸைத் திறக்காமலே கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்தார். "ஒவ்வொருத்தரா வாங்க" என்றார். அந்த அலுவலகத்தில் சாப்பாட்டு நேரத்தில் வேலை நடந்தது அதுதான் முதல் தடவை என்று அண்ணன் என் காதருகே சொன்னார். அக்காவுக்கு இரண்டாவதாகவே சான்று கிடைத்துவிட்டது. அதை அவர் மூன்று முறை படித்து, மகள் பெயரில் எழுத்துப் பிழை இருக்கிறதா என்று என்னையும் ஒரு முறை படிக்கச் சொல்லி, பிறகுதான் கவரில் வைத்தார்.

கிளம்பும்போது அம்மா என்னைத் தனியாகக் கூப்பிட்டார். "அந்தப் போட்டோ உன் லேப்டாப்புல இருக்காம்மா?"

"அழிச்சுட்டேன் மேடம்."

"நல்ல பிள்ளை." பிறகு வாசலில் நின்ற மச்சினனிடம் போனார். "தம்பி, அந்த நாலாவது போட்டோவ ஆல்பத்துல வைக்க வேண்டாம்."

மச்சினனுக்கு முகம் வாடிவிட்டது. "மேடம், வெளிச்சம் அவ்வளவு அருமையா விழுந்திருக்கு. அப்படி ஒண்ணு இனிமே எடுக்க முடியாது."

"அப்ப எனக்கு மட்டும் ஒரு காப்பி போட்டுக் குடு" என்றார் அம்மா, குரலைத் தாழ்த்தி.

அருப்புக்கோட்டை பஸ்ஸில் அக்காவும் நானும் ஒரே சீட்டில் உட்கார்ந்தோம். போனில் கம்பெனியின் பழுதறிக்கையைத் திறந்தேன். பழுதுக்கான காரணம் என்ற இடத்தில் எழுத முடியாது. அவர்கள் கொடுத்திருப்பதிலிருந்து ஒன்றைத் தேர்ந்தெடுக்க வேண்டும். மின்தடை, இடி, ஒயர் துண்டிப்பு, எலி, மற்றவை. எலி என்று போட்டால் யாரும் மேற்கொண்டு கேட்க மாட்டார்கள் என்று தோன்றியது. ஆனாலும் மற்றவை என்றே போட்டு அனுப்பினேன். பந்தல்குடி ரோட்டு முக்கு வருவதற்குள் மேலதிகாரியின் போன் வந்துவிட்டது.

"மற்றவைன்னா என்னம்மா?"

சொன்னேன். பல்வலியை மட்டும் விட்டுவிட்டு, துடைத்த துணியிலிருந்து கெடா வெட்டு வரைக்கும் எல்லாவற்றையும் சொன்னேன். திட்டப் போகிறார் என்று நினைத்தேன். இருபது வருடம் ரவுட்டரோடு இருக்கிற மனிதர்.

"போட்டோவ லோடு பண்ணப் பாத்துச்சா?" என்றார்.

"ஆமா சார்."

"எவ்வளவு தூரம் போச்சு?"

"ஆரம்பத்துலயே நின்னுருச்சு சார்."

"அந்த மெசேஜை அப்படியே குறிச்சு வச்சிருக்கியா?"

வைத்திருந்தேன். பஸ் சத்தத்தில் ஒவ்வொரு வார்த்தையாக அவருக்குப் படித்துக் காட்டினேன். பக்கத்தில் அக்கா தலையை ஆட்டி ஆட்டிக் கேட்டுக்கொண்டு வந்தார்.